ஒரே பேரில் விழுந்த பிள்ளைகள்

இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இடங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறை, பிள்ளைக் காம்பராவின் (குழந்தைகள் காப்பகம்) தகரக் கூரைக்கு அந்தப் பக்கம், பணிய லயத்துக் கடைசி வீட்டு வாசல். மழை இறங்கிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. 2020இல் பாடசாலைகளை மூடி வகுப்பெல்லாம் போனுக்கு வந்தபோது, அந்தப் பாறையில் இடம் பிடிக்கக் காலை எட்டு மணிக்கே பிள்ளைகள் ஓடுவார்கள். ஒரு போனை மூன்று பேர் பார்ப்பார்கள். ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்தப் பாறைக்குச் சற்றுக் கீழே இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் நான் வேலை பார்க்கிறேன். ஹட்டனில் இறங்கி இன்னொரு பஸ் ஏறி வரவேண்டிய இடம். கொழும்பிலுள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்கு சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் மாதிரிப் பரீட்சை நடத்தும் இணையத்தளம் அவர்களுடையது. சனிக்கிழமை மாலை 7 மணிக்கு வினாத்தாள் திறக்கும். பிள்ளைகள் தாளில் எழுதி, பக்கங்களைப் போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும்.

7 மணி என்றால் 7 மணிதான். இரண்டு நிமிடம் முன்புவரை சர்வர் சும்மா கிடக்கும். மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைத் தள்ளுவார்கள். இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து அந்த ஒற்றை சர்வர் படுத்துவிட்ட பிறகு, மூன்று சர்வர்களை வைத்து முன்னால் ஒரு லோட் பேலன்சர் போடும் வேலை என்னிடம் வந்தது. செய்முறை எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்துத்தான் நானும் தொடங்கினேன். ஆனால் வாசலில் வந்து நிற்பவர் எப்படிப்பட்ட லைனில் வருகிறார் என்ற கேள்வி அவற்றில் எதிலும் இல்லை. எனக்கு அந்தக் கேள்விதான் மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டது.

என்ன வேலை இது என்று அம்மா கேட்டபோது கொழுந்து நிறுக்கும் மடுவத்தை வைத்துத்தான் சொன்னேன். மடுவத்தில் ஒரு தராசுக்குப் பதிலாக மூன்று தராசு. வருகிறவர்களை வாசலில் நின்று ‘நீங்க இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்’ என்று பிரித்து அனுப்ப ஓர் ஆள். தராசு ஒன்று பழுதாகிவிட்டால் அந்தப் பக்கம் யாரையும் அனுப்பாமல் இருப்பதும் அவர் பொறுப்பு. அம்மா கேட்ட அடுத்த கேள்வி, “கொழுந்தைக் கணக்கு எழுதுற புஸ்தகம் ஒண்ணா மூணா?” அந்தக் கேள்வியின் கனம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

லோட் பேலன்சராக நான் எடுத்தது ஹெச்ஏப்ராக்ஸி. வில்லி தாரோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி 2001இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு பகுதிகள் முக்கியம். ‘ஃப்ரன்ட்எண்ட்’ என்பது வாசல்: எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் (இயந்திரத்தின் எண்ணிட்ட கதவுகளில் ஒன்று) காதுகொடுத்து நிற்பது என்று அங்கே எழுதுவோம். ‘பேக்எண்ட்’ என்பது உள்ளே வேலை செய்கிற சர்வர்களின் பட்டியல். வாசலுக்கு வந்தவரை எந்தப் பட்டியலுக்கு அனுப்புவது என்று ஒரு வரி. அடிப்படை இவ்வளவுதான், பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும்.

முதல் நாள் அந்தப் பதினைந்து வரியை எழுதி முடித்து, அதே இயந்திரத்துக்குள் இருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், பக்கம் வந்தது. பதுளைப் பக்கத்திலிருந்து என்னோடு வேலை செய்யும் தம்பியிடம் சொன்னேன், அவன் தன் வீட்டிலிருந்து திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, ஒண்ணும் வரல்லையே” என்றான்.

“ஒண்ணும் வரல்லன்னா எப்படி வரல்ல? உடனே மாட்டேங்குதா, இல்ல சுத்திக்கிட்டே இருக்கா?”

“உடனே மாட்டேங்குது.”

புதிதாக இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தக் கேள்வியைத்தான். இணைப்பு பட்டென்று மறுக்கப்பட்டால், உங்கள் கோரிக்கை பெரும்பாலும் அந்த இயந்திரம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டு யாரும் இல்லை என்று அந்த இயந்திரமே பதில் சொல்லிவிட்டது. வீட்டு வாசல்வரை போய்த் தட்டி, பூட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட மாதிரி. பதிலே இல்லாமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால், பெரும்பாலும் வழியிலேயே ஒரு ஃபயர்வால், அதாவது யாரை உள்ளே விடுவது என்று பார்க்கும் காவல், சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் பிரவுசர் காட்டும் பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தேடவேண்டிய இடமோ வேறு வேறு.

தம்பிக்கு வந்தது முதல் வகை. கோப்பைப் பார்த்தால் ‘பைண்ட்’ வரியில் 127.0.0.1 என்று இருந்தது. அது இயந்திரம் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி, வெளியாட்களுக்கு அங்கே கதவே கிடையாது. அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு, எல்லா முகவரியிலும் 80 (சாதாரண வழி), 443 (குறியாக்கம் செய்த வழி) இரண்டு போர்ட்டிலும் கேள், 80க்கு வருகிறவரை 443க்கு அனுப்பு என்று மாற்றினேன். இந்த முறை தம்பி, “இப்ப சுத்திக்கிட்டே இருக்குக்கா” என்றான். சந்தோஷமாக இருந்தது. ஒரு கதவு திறந்து அடுத்த கதவுக்கு வந்திருக்கிறோம். இயந்திரத்துக்குள்ளே ஒரு ஃபயர்வால், அதற்கு வெளியே, சர்வரை வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனத்தின் விதிப்பட்டியல் ஒன்று. இரண்டிலும் 80 மட்டும்தான் திறந்திருந்தது. 443க்கும் அனுமதி கொடுத்த பிறகுதான் பக்கம் வந்தது.

80ஐயும் திறந்து வைப்பதற்குக் காரணம் உண்டு. முகவரியைக் கையால் தட்டுகிற சிலர் அந்தக் கதவுக்கு வந்து சேர்வார்கள். அவர்களை 443க்கு அனுப்பிவைக்க ஒரு வரி போதும். இது இன்ன தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, அதைப் பெறும் வழிகளில் பரவலானதும் 80 வழியாகத்தான் வந்து சரிபார்க்கும். கூடவே இன்னொன்றையும் மறக்கக் கூடாது: பின்னால் இருக்கும் மூன்று சர்வர்களும் லோட் பேலன்சரின் உள் முகவரியிலிருந்து வருவதை மட்டும் ஏற்க வேண்டும். முன்வாசலுக்குக் காவல் போட்டுவிட்டு பின்வாசலைத் திறந்துவைப்பதில் பயனில்லை.

சான்றிதழில் ஒரு மாலை போனது. 2014இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து ஹெச்ஏப்ராக்ஸியே குறியாக்கத்தைக் கையாளும். சான்றிதழையும் இடைச் சான்றிதழையும் தனிச் சாவியையும் ஒரே கோப்பில் அடுக்கிக் கொடுத்தால் போதும். நான் இடையில் உள்ளதை விட்டுவிட்டேன். என் மடிக்கணினியில் பிரச்சினையில்லாமல் திறந்தது, அம்மாவின் போனில் எச்சரிக்கை வந்தது. விடுபட்ட சான்றிதழைச் சில பிரவுசர்கள் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், சில தேடாது. அன்றிலிருந்து எந்த மாற்றம் செய்தாலும் முதலில் அம்மாவின் பழைய போனில்தான் பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகள் கையில் இருப்பதும் அந்த மாதிரிப் போன்தான்.

இதெல்லாம் முடிந்து வியாழக்கிழமை ஒத்திகை. தம்பி ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி நூறு மாணவர்கள் உள்நுழைவது போல அனுப்பினான். பத்துப் பதினைந்து பேர் உள்ளே போனதும் மற்ற எல்லாருக்கும் ‘அளவுக்கு மீறிய முயற்சி, பிறகு வாருங்கள்’ என்று வந்தது. ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் உள்நுழைய முயன்றால் பூட்டிவிடு என்ற விதி, சர்வர்களில் ஓடும் தளத்தின் செயலியில் இருந்தது. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவர்களைத் தடுக்கப் பழைய ஆள் யாரோ வைத்துவிட்டுப் போனது. லோட் பேலன்சர் வந்தபின், உள்ளே இருக்கும் செயலிக்கு எல்லாக் கோரிக்கையும் லோட் பேலன்சரின் உள் முகவரியிலிருந்து வருவதாகவே தெரியும். நூறு பேரும் அதற்கு ஒரே ஆள்.

இது எல்லாருக்கும் நடப்பது. மருந்தும் தெரிந்ததே. உண்மையான முகவரியை, கோரிக்கையின் முன்னால் வரும் தலைப்பு வரிகளில் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்ற வரியில் எழுதி உள்ளே அனுப்பும்படி லோட் பேலன்சரிடம் சொல்ல வேண்டும். அந்த வரியை வெளியிலிருந்து வருகிறவரே பொய்யாக எழுதிக் கொண்டுவரலாம், அதனால் வாசலில் வந்ததை முதலில் அழித்துவிட்டு நாமே புதிதாக எழுத வேண்டும். அதை லோட் பேலன்சர் சொன்னால் மட்டும் நம்பு என்று செயலியிடமும் சொல்லிவைக்க வேண்டும். இரண்டையும் செய்தோம். ஒத்திகைக்கு முகவரிகளை வேறு வேறாக வைத்துத் திரும்பவும் அனுப்பினோம், நூறு பேரும் உள்ளே போனார்கள். சனிக்கிழமைக்குத் தயார் என்று கொழும்புக்கு எழுதினேன்.

சனிக்கிழமை ஆறரைக்கே ஜன்னல் கம்பியில் மொபைல் இணைய டோங்கிளைக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். நல்ல மழை. ஹெச்ஏப்ராக்ஸியின் புள்ளிவிவரப் பக்கம் ஒரு திரையில், வருகிற கோரிக்கைகளை வரிக்கு வரி எழுதும் பதிவேடு ஓடுவது இன்னொன்றில். 7 மணி அடித்தது. மூன்று சர்வர்களும் பச்சை. எண்கள் ஏறத் தொடங்கின. முதலாவது சர்வரில் மெதுவாக, மூன்றாவதில் மெதுவாக, இரண்டாவதில் மட்டும் கடகடவென்று. ஒரு நிமிடத்துக்குள் இரண்டாவதன் முன்னால் நீண்ட வரிசை. மற்ற இரண்டும் பாதி வேலைகூட இல்லாமல் நிற்கின்றன. கொஞ்ச நேரத்தில் தம்பியின் குரல்: “அக்கா, ‘அளவுக்கு மீறிய முயற்சி’ திரும்பவும் வருது. நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியாப் பிள்ளைங்கதான் நிறையச் சொல்றாங்க. கொழும்புல ஒருத்தரும் சொல்லல்ல.”

பதிவேட்டை நிறுத்திப் பார்த்தேன். திரை நிறைய, வரிக்கு வரி, அதே ஐபி முகவரி. கொஞ்சம் கீழே இறங்கினால் இன்னொரு முகவரி, அதுவும் திரை நிறைய. வேறு வேறு மாணவர் எண்கள், வேறு வேறு போன்கள், முகவரி மட்டும் ஒன்று.

ஐபிவி4 என்ற பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அதில் எல்லாமும் பொதுவில் பயன்படுத்தக் கூடியவை அல்ல. ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரிகளைப் பங்கிடும் ஏப்னிக் 2011 ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் போன் நிறுவனங்கள் ஒவ்வொரு போனுக்கும் உள்வீட்டு முகவரி ஒன்றைக் கொடுத்து, வெளியே போகும்போது நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்து ஒரே பொது முகவரியில் அனுப்புகின்றன. அந்த உள்வீட்டு வேலைக்கென்றே 2012இல் 100.64இல் தொடங்கும் ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். வீட்டுக்குத் தனி லைன் உள்ள கொழும்புப் பிள்ளை பெரும்பாலும் தன் வீட்டு முகவரியில் வரும். லைன் போகாத தோட்டத்துப் பிள்ளைகள் மொபைல் டேட்டாவில், கூட்டத்தோடு கூட்டமாக, ஒரே முகவரியில் வருகிறார்கள்.

நாங்கள் ‘பேலன்ஸ்’ வரியில் வைத்திருந்தது ‘சோர்ஸ்’. வருகிறவரின் முகவரியைக் கணக்குப்போட்டு, ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே சர்வர் என்று பிரிக்கும் முறை. யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்ற தகவலை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்திலேயே வைத்திருந்ததால், ஒரு பிள்ளையை ஒரே சர்வருக்குத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு எளிய வழி இது என்று எங்கோ படித்து எடுத்தேன். ஓர் ஆளுக்கு ஒரு முகவரி என்றால் நன்றாகத்தான் வேலை செய்யும். எங்கள் ஊருக்கு அது பொருந்தவில்லை. மலையில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதி ஒரே சர்வரின் தலையில் விழுந்து, அந்த சர்வர் மூச்சு வாங்க, கூடவே உள்நுழைவுப் பூட்டும் அவர்கள் மேலேயே விழுந்தது. இரண்டு விதியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானவை. சேர்ந்து விழுந்தது ஏற்கெனவே பாறையில் நின்று சிக்னல் பிடிக்கிற பிள்ளைகள் மேல்.

அன்றிரவு அவசரமாகச் செய்தது இரண்டு. உள்நுழைவுப் பூட்டைத் தளர்த்தினோம். பிறகு ‘சோர்ஸ்’ வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பிரவுசரிலும் லோட் பேலன்சரே ஒரு குக்கியை, அதாவது சிறிய அடையாளக் குறிப்பை, வைத்து, அடுத்த முறை அதைப் பார்த்து அதே சர்வருக்கு அனுப்பும்படி மாற்றினேன். மாற்றத்தைச் சேமித்து, கோப்பில் பிழை இல்லை என்று சோதனைக் கட்டளையை ஓட்டி, ‘ரீலோட்’ கொடுக்கும் நேரம் மின்சாரம் போனது. டோங்கிளும் சேர்ந்து போனது. ஆனால் இணைப்பு அறுந்தாலும் அந்தப் பக்க வேலையைக் காத்துவைக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பழகிய பழக்கம் அது. போனின் டேட்டாவில் திரும்ப நுழைந்து ‘ரீலோட்’ கொடுத்தேன். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்திருந்தால் படம் ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளின் இணைப்பும் அறுந்திருக்கும். ‘ரீலோட்’ என்றால் பழைய செயல்முறை தன் கையிலுள்ளதை முடித்துவிட்டுத்தான் போகும், புதியவர்களைப் புதியது ஏற்கும்.

எட்டரைக்கு மூன்று சர்வரும் சமமாக ஓடின. ஆனால் தேர்வு அதற்குள் முடிந்துவிட்டது. உள்ளே வர முடியாத பிள்ளைகளுக்கு ஞாயிறு அன்று திரும்பவும் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். திறந்தார்கள்.

இரவு பத்து மணிக்கு மெழுகுதிரி வெளிச்சத்தில் அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்போ இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் ஒரே பேர்லயா விழுந்துச்சுங்க?” என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். ஒருமுறை அம்மா பறித்த கொழுந்து வேறொருவர் பேரில் விழுந்து, அன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர்தான் போட்டிருந்தார்கள். மாத முடிவில் சம்பளம் வாங்கும்போதுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய நடந்த நடை எனக்கு நினைவிருக்கிறது, அப்போது நான் ஆறாம் வகுப்பு. அம்மா அந்த ஒரே கேள்வியில் முழுப் பிரச்சினையையும் பிடித்துவிட்டார். முதல் நாள் கேட்ட ‘புஸ்தகம் ஒண்ணா மூணா’ என்பதும் அப்போதுதான் எனக்குள் இறங்கியது. மூன்று தராசு, மூன்று புத்தகம். அதனால்தானே ஒருவரை ஒரே தராசுக்குத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது?

அடுத்த வாரம் புத்தகத்தை ஒன்றாக்கினோம். உள்நுழைவுத் தகவலை மூன்று சர்வரின் நினைவகத்திலிருந்தும் எடுத்து, ரெடிஸ் என்ற பொதுவான தகவல் கிடங்கில் வைத்தோம். அதன்பிறகு எந்தப் பிள்ளையை எந்த சர்வர் பார்த்தாலும் ஒன்றுதான், குக்கிகூடத் தேவையில்லை. படம் ஏற்றும் கோரிக்கைகள் நீண்ட நேரம் நிற்பவை, அதனால் யார் கையில் வேலை குறைவோ அவருக்கு அனுப்பும் ‘லீஸ்ட்கான்’ முறைக்கு மாறினேன். உள்நுழைவுப் பூட்டை முகவரிக்குப் பதிலாக மாணவர் எண்ணின் மேல் வைத்தோம். ஒரு எண்ணுக்குத் தவறான கடவுச்சொல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த எண் மட்டும் சற்று நேரம் பூட்டப்படும். பக்கத்துப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையையும் தொட வேண்டியிருந்தது. ஹெச்ஏப்ராக்ஸி வழக்கமாக இரண்டு விநாடிக்கு ஒருமுறை கேட்கும், மூன்று முறை சரியான பதில் வராவிட்டால் அந்த சர்வரைப் பட்டியலிலிருந்து நிறுத்திவைக்கும். நாங்கள் அது கேட்க வைத்திருந்ததோ தரவுத்தளம்வரை போய்வரும் கனமான பக்கம். 7 மணிக் கூட்டத்தில் அது தாமதமாகும். மூச்சு வாங்குகிறவனைச் செத்தவன் கணக்கில் எழுதிவிட்டு, அவன் சுமையை மற்ற இருவர் தலையில் ஏற்றினால் அவர்களும் விழுவார்கள். அதை இலேசான பக்கமாக மாற்றினேன். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரே நேரத்தில் எத்தனை என்று உச்ச அளவும் வைத்தேன். மிஞ்சியவர்கள் லோட் பேலன்சரின் வரிசையில் சில விநாடி நிற்பார்கள். எல்லாரும் விழுவதைவிடச் சிலர் மூன்று விநாடி காத்திருப்பது மேல்.

இரண்டாம் சனிக்கிழமை 7 மணி அமைதியாகப் போனது. எட்டரை மணிக்கு ஒரு தாயிடமிருந்து தம்பிக்கு அழைப்பு. டயகமப் பக்கம். மகள் எழுதிவிட்டாள், படம் ஏற்றினால் பாதிக்கு மேல் போய் நின்றுவிடுகிறது, நான்கு முறை பார்த்துவிட்டோம் என்றார்.

அந்தப் பிள்ளையின் எண்ணை வைத்துப் பதிவேட்டில் தேடினேன். ஹெச்ஏப்ராக்ஸி ஒவ்வொரு கோரிக்கையின் வரியிலும், அது எப்படி முடிந்தது என்பதற்குச் சில எழுத்துகளில் ஒரு குறி போடும். நல்லபடி முடிந்தால் வெறும் கோடுகள். இங்கே நான்கு வரியிலும் சின்ன சி, பெரிய ஹெச். வருகிறவர் தன் தரவை அனுப்பிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்துக் காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். குறியை வைத்துத் தேடினால் இன்னும் நிறையப் பிள்ளைகள். எல்லாரும் மொபைல் லைன்.

‘டைம்அவுட் கிளையன்ட்’ வரியில் 10 விநாடி என்று இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஹெச்ஏப்ராக்ஸியோடு வரும் மாதிரிக் கோப்பில் இது 50 விநாடி. ஒரு பாதுகாப்புக் குறிப்பைப் பார்த்து நான்தான் குறைத்தேன். 2009இல் ‘ஸ்லோலாரிஸ்’ என்றொரு தாக்குதல் முறை வெளிவந்தது. தாக்குகிறவர் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து, தலைப்பு வரிகளைச் சொட்டுச் சொட்டாக அனுப்பி, சர்வரை முடிக்க விடாமல் பிடித்துவைப்பார். அதைத் தடுக்க, மெதுவாகப் பேசுகிறவரைச் சீக்கிரம் வெட்டிவிடச் சொல்வார்கள். ஆனால் மூடுபனிக்குள் ஒரு கோபுரத்தின் சிக்னலை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்க முயலும் போனும் மெதுவாகத்தான் பேசும். பதினைந்து விநாடி ஒரு பைட் கூட வராது. பிறகு திரும்பவும் வரத் தொடங்கும். சர்வரின் கண்ணுக்கு அந்தச் சிறுமியும் தாக்குகிறவரும் ஒரே மாதிரி.

இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. ‘டைம்அவுட் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட்’ என்ற வேறொரு வரி, தலைப்பு வரிகள் முழுவதும் வந்து சேர எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பார்க்கும். தலைப்பு வரிகள் சிறியவை, மோசமான சிக்னலிலும் பெரும்பாலும் சில விநாடியில் வந்துவிடும். அதை 10 விநாடியில் வைத்தேன், ஸ்லோலாரிஸுக்கு அது போதும். ‘டைம்அவுட் கிளையன்ட்’ என்பது இடையில் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கலாம் என்பதன் அளவு, மொத்த நேரத்தின் அளவு அல்ல. அதை 60 விநாடி ஆக்கினேன். படத்தை ஏற்றும் முன்பே போனில் சிறிதாக்கும் வேலையைத் தம்பி இரண்டு நாளில் எழுதி முடித்தான். அதுவும் பெரிய உதவி.

அன்று இரவே அந்தத் தாயை அழைத்து, இன்னொருமுறை ஏற்றச் சொன்னோம். பதிவேட்டில் அந்த வரி வரும்வரை நான் கண்ணெடுக்கவில்லை. நாற்பது விநாடிக்கு மேல் எடுத்து, முடிவில் வெறும் கோடுகளோடு வந்தது. மூன்று பக்கம், மூன்று வரி.

அந்த 60க்கு மேலே, கோப்பில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். தமிழிலேயே. ‘மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பிள்ளைகள் படம் ஏற்றுகிறார்கள். இதைக் குறைக்க வேண்டாம்.’ எனக்குப் பிறகு இந்தக் கோப்பைத் திறக்கப்போகிறவர் நல்ல லைனில் உட்கார்ந்து இதைப் பார்க்கக்கூடும். அவருக்கும் தெரிய வேண்டும்.

போன வாரம் இன்னொரு கதவும் திறந்தோம். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை, போனுக்குப் போன் தனி முகவரி கொடுக்கலாம். பல போன்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது, எங்கள் தளம்தான் அந்தப் பக்கம் காது கொடுக்காமல் இருந்தது. ‘பைண்ட்’ வரியை இரண்டு வகை முகவரியையும் ஏற்கும்படி மாற்றி, ஃபயர்வாலில் ஐபிவி6க்குத் தனியாக அனுமதி கொடுத்து, தளத்தின் பெயரை முகவரியோடு இணைக்கும் பெயர்ப் பதிவில் புதிய முகவரியைச் சேர்த்தேன். ஃபயர்வாலை மறந்துவிட்டால் அந்தப் பக்கம் வருகிறவருக்குத் தம்பி சொன்ன அந்தச் சுற்றல் வரலாம்.

அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு கோயில் பாறைக்கு ஏறினேன். அம்மாவும் கூட வந்தார். பக்கத்தைத் திறந்துவிட்டு, என் போனில் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரே ஒரு வரி, எழுத்தும் எண்ணும் கலந்து நீண்ட முகவரியோடு.

“இப்ப என் பேர்லயே விழுந்துச்சா?” என்று அம்மா கேட்டார்.

“ஆமாம்மா. உங்க பேர்லதான்.”

அதை வாசிக்கச் சொன்னார். முழுவதும் வாசித்தேன்.